ரிப்பன் கடை அக்காவின் விளக்கு

அக்காவின் கடையில் கள்ளநோட்டு பார்க்கிற மெஷின் ஒன்று இருந்தது. உள்ளே ஊதா வெளிச்சம் அடிக்கும் சின்னப் பெட்டி, எல்லாக் கடையிலும் உள்ளதுதான். ஆனால் அதற்குள் ரூபாய் நோட்டைவிட நாடாவை அதிகமாக நுழைத்தவர் சங்கரன்கோவிலில் அவர் ஒருவராகத்தான் இருக்கும். அதுவும் சும்மா நாடா இல்லை, ஜெர்மன் பட்டாளத்து மெடல்களின் நாடா.

தெற்கு ரதவீதியில் பேனரும் கல்யாணப் பத்திரிகையும் டிசைன் போடுகிற கடை என்னுடையது. அடுத்த கடை அவருடையது. ரிப்பன், லேஸ், பட்டன், பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கு நெஞ்சில் குத்துகிற பேட்ஜ் என்று வியாபாரம். இப்போது அந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். அக்கா தன் மகள் வீட்டோடு இருக்கக் கோயம்புத்தூர் போய்ச் சில வருஷம் ஆகிறது. போகும்போது அந்த மெஷினை என் மேஜையில் வைத்துவிட்டு, "ஒங்க பிரிண்டர் மாதிரி இது பொய் சொல்லாது தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். என் பிரிண்டரில் சிவப்பு ஆரஞ்சாக வரும் என்பது தெருவுக்கே தெரியும்.

அவர் வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். கப்பலுக்குப் போன மற்றவர்கள் வீட்டுக்குச் செண்டும் சோப்பும் கொண்டுவந்தபோது, இவர் ஹாம்பர்க் துறைமுகத்துப் பழைய சாமான் சந்தையில் ஓர் இரும்புச் சிலுவையை வாங்கி வந்திருக்கிறார். "ஒனக்குத்தான் ரிப்பன்னா பிடிக்குமேன்னு நாடாவுக்காவ வாங்குனேன். மெடலு சும்மா கூட வந்துது" என்று அவரே சொல்வார். அதிலிருந்து ஒவ்வொரு பயணத்துக்கும் ஒன்று வந்தது. அவர் கப்பலை விட்ட பிறகு அக்கா தானே கம்ப்யூட்டரில் தேடி வரவழைக்க ஆரம்பித்தார். தூரதேசத்துக் கூரியர் வந்தால் தெருவே எட்டிப் பார்க்கும், உள்ளே என்னவோ தங்கக்கட்டி இருக்கிற மாதிரி.

மெடல் கையில் வந்தால் மற்றவர்கள் மெடலைப் பார்ப்போம். அக்கா நாடாவைப் பார்ப்பார். ஒருநாள் எனக்கு இரண்டு சிலுவைகளைக் காட்டினார். இரண்டும் முதல் உலக யுத்தத்தில் கொடுத்தவை, அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி இருந்தன. ஒன்றின் நாடா கறுப்பு, ஓரங்களில் வெள்ளைக் கோடு. இன்னொன்று வெள்ளை, ஓரங்களில் கறுப்புக் கோடு.

"கறுப்பு நாடா சண்டைக்குப் போனவனுக்கு. வெள்ளை நாடா சண்டைக்குப் போகாம வேலை பாத்தவனுக்கு. வெள்ளைய உருவிட்டுக் கறுப்பக் கோத்தா, ஆபீஸ்ல இருந்தவன் சண்டை போட்டவனா ஆயிருவான். அப்படிக் கோத்து விக்கிறவன் ஏராளம் தம்பி."

அதற்குத்தான் அந்த ஊதா விளக்கு. அந்தக் காலத்து நூல் அதில் மங்கலாகக் கிடக்கும். இந்தக் காலத்து நூல் என்றால் பெரும்பாலும் பளிச்சென்று மின்னிக் காட்டிக்கொடுத்துவிடும். கடைக்குள் வெளிச்சம் அதிகம் என்பதால், மெஷினோடு சேர்த்துத் தலையில் ஒரு கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு குனிந்து பார்ப்பார். பட்டன் வாங்க வந்த பெண்கள் பயந்துபோய் வாசலிலேயே நிற்பார்கள்.

எதைக் கேட்டாலும் அவரிடம் மூன்றே பதில்கள்தான். ஆமாம், இல்லை, தெரியாது. 'இருக்கலாம்' என்ற சொல்லைக் கர்த்தர் அவர் வாயில் வைக்கவே இல்லை. வீட்டுக்காரர் அதற்கு நேர் எதிர். ஒவ்வொரு மெடலுக்கும் ஒரு கதை வைத்திருப்பார். "இது ஒரு ராஜகுமாரன் நெஞ்சுல கெடந்தது வே. குண்டு இதுல பட்டுத்தான் பொழச்சான்" என்று என்னிடம் ஆரம்பித்தால் உள்ளேயிருந்து குரல் வரும்.

"அது மெடல்ல எழுதியிருக்கா?"

"இருக்கலாம்லா ஏட்டி?"

"இல்ல."

மனுஷன் டீக்கடைக்குக் கிளம்பிவிடுவார். வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிற பெண்ணோடு முப்பது வருஷம் வாழ்ந்தவருக்குக் கட்டாயம் ஒரு டீக்கடை வேண்டும்.

ஹிட்லர் காலத்து மெடல்களும் கொஞ்சம் வைத்திருந்தார். அவற்றைத் தட்டில் எப்போதும் குப்புறத்தான் வைப்பார். ஒருமுறை பூவேலைக்கு ரிப்பன் வாங்க வந்த ஓர் அம்மா, அதிலிருந்த ஸ்வஸ்திக்கைப் பார்த்து நம்ம பிள்ளையார் சின்னம் என்று தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாராம். அக்கா பதறிப்போய் அந்த அம்மா கையைப் பிடித்து, "வேண்டாம்மா, இது சாமி இல்ல, கொலைகாரன் முத்திரை" என்று சொல்லியிருக்கிறார். அதிலிருந்துதான் குப்புற வைப்பது. பிறகு ஏன் அதை வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "தூக்கிப் போட்டா நடந்தது இல்லன்னு ஆயிருமா?" என்றார்.

அவருடைய குணம் முழுதாகப் புரிந்தது கடையநல்லூர் பாய் விஷயத்தில். துபாயில் பல வருஷம் இருந்துவிட்டு வந்த ஒருவர், அங்கே பழைய சாமான் கடையில் வாங்கிய இரும்புச் சிலுவையைக் கொண்டுவந்து காட்டினார். அக்கா காந்தத்தை வைத்துப் பார்த்தார். ஒட்டியது, நடுவில் நல்ல இரும்பு. நாடாவை விளக்கில் வைத்தார். பட்டப்பகல் மாதிரி மின்னியது.

"மெடலு பழசு பாய். நாடா நேத்து நெய்தது" என்றார்.

பாய் முகம் சுண்டிப்போனது. மச்சான்மாரிடம் எல்லாம் பெருமை அடித்திருப்பார் போல. கிளம்பும்போது, வருத்தத்தோடு யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். "எங்க வீட்ல கூட அழுக்கா இருக்குன்னு தொவச்சு அயர்ன் பண்ணிக் குடுத்தா."

அவர் போய் வெகுநேரம் அக்காவுக்கு வேலை ஓடவில்லை. தன் சேகரிப்பிலிருந்து அசல் பழைய நாடா ஒன்றை எடுத்தார். அதில் ஒரு துண்டை வெட்டினார். கத்தரிக்கோல் பட்டபோது அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அந்தத் துண்டைச் சோப்புத்தூளில் அலசிக் காயப்போட்டு விளக்கில் வைத்தார். பாயின் நாடா மாதிரியே அதுவும் மின்னியது. வெள்ளை பளிச்சென்று தெரிவதற்காகச் சோப்புத்தூளில் ஏதோ மருந்து கலக்கிறார்களாம், அதுதான் விளக்கில் மின்னுகிறதாம். பாயின் மனைவி துவைத்ததால் வந்த வினை.

போன் போட்டுச் சொல்லலாம்தானே? மாட்டார். மறுநாள் கடையைப் பூட்டிவிட்டுக் கடையநல்லூருக்குப் பஸ் ஏறினார். தப்பாகச் சொன்னது முகத்துக்கு நேராக என்பதால், திருப்பி எடுப்பதும் முகத்துக்கு நேராகத்தானாம். "நான் சொன்னது தப்பு பாய். நாடா புதுசுன்னு சொல்ல எனக்கு ஆதாரம் இல்ல" என்று அந்த வீட்டு நடையில் நின்று சொல்லியிருக்கிறார். "அல்லா! இதுக்கா பஸ் ஏறி வந்திய?" என்று பாய் அசந்துபோய்ப் பிரியாணி போட்டு அனுப்பினார். அப்போதும் அக்கா நாடா பழசு என்று சொல்லவில்லை பாருங்கள். தெரியாது என்றுதான் சொல்லிவிட்டு வந்தார்.

இப்படிப்பட்ட ஆளின் பக்கத்துக் கடையில் உட்கார்ந்துகொண்டு, எங்கள் வீட்டு மெடலை நான் அவர் கண்ணில் காட்டியிருக்கவே கூடாது.

எங்கள் வீட்டுக்கு ஊரில் பட்டாளத்தார் வீடு என்று பெயர். என் தாத்தா இரண்டாம் உலக யுத்தத்துக்குப் போய்த் திரும்பியவர். வரும்போது ஒரு ஜெர்மன் மெடல் கொண்டுவந்தார். நீள வாக்கில் நீலச் சிலுவை, வெள்ளை ஓரம், பின்னால் ஹிட்லரின் கையெழுத்து. ஜெர்மன் தளபதி ஒருவனை ஜீப்பிலிருந்து இழுத்துப் போட்டு அவன் கழுத்திலிருந்து தாத்தா அறுத்தெடுத்தது என்பது வரலாறு. அந்த வரலாற்றைச் சொன்னவர் என் பெரியப்பா. தறி செட் வைத்திருந்தார், தறிச் சத்தத்தைத் தாண்டிப் பேசிப் பேசிக் குரல் வெண்கலமாகிப் போனவர். கல்யாணம், சடங்கு, கருமாதி எதுவானாலும் இந்தக் கதை வரும். தாத்தா வாயால் இதைக் கேட்டவர்கள் ஒருவரும் இல்லை. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள், எங்கள் வீட்டுப் புளுகு மூன்று தலைமுறை தாங்கியது. கூகுளில் தேடிப் பார்த்திருக்கலாமே என்று கேட்கலாம். சந்தேகம் உள்ளவன்தானே தேடுவான்.

பெரியப்பாவுக்கு எண்பது முடிந்து விழா வந்தது. பேனர் டிசைன் நான். தாத்தா படம் ஒரு பக்கம், மெடல் இன்னொரு பக்கம், நடுவில் 'ஜெர்மன் தளபதியை வென்ற பட்டாளத்தார் குடும்பம்'. நாடாவின் நீலம் சரியாக வந்திருக்கிறதா என்று கேட்க, அக்காவைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். அவர் நாடாவைப் பார்த்தார், சிலுவையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, இது சண்டைக்குக் குடுக்கற மெடல் இல்ல. ஜெர்மனியில நெறையப் பிள்ளை பெத்த அம்மைமாருக்கு ஹிட்லர் குடுத்தது."

ஊரெல்லாம் பத்திரிகை போயாயிற்று. "அக்கா, பெரியப்பாகிட்ட மட்டும் சொல்லிராதிய. அவருக்கு நெஞ்சுல ஏற்கனவே ஸ்டென்ட் இருக்கு."

"நானாப் போயிச் சொல்ல மாட்டேன். என்கிட்ட கேட்டா மறைக்க மாட்டேன்."

கேட்கவா போகிறார் என்று நினைத்தேன். அந்த வாரமே பெரியப்பா மெடலோடு அக்காவின் கடைக்கு வந்து இறங்கினார். பின்னாலேயே நானும் ஓடினேன்.

"இந்தா பாரு தாயி, நாடா நைஞ்சு போச்சு. பளபளன்னு நீலத்துல ஒரு ரிப்பன் கோத்துக் குடு. கண்ணாடிச் சட்டத்துக்குள்ள வெக்கணும்."

"நாடாவ மாத்த வேண்டாம் அண்ணாச்சி. பழசே இருக்கட்டும்."

"அதுவும் சரிதான். தளபதி வேர்வை பட்ட நாடாலா!" பெரியப்பா சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. டீ வந்துவிட்டது என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. "ஒனக்கு ஜெர்மன் மெடல் எல்லாம் அத்துப்படின்னு சொல்லுதாவளே. சொல்லு, இது எந்த ரேங்க்கு தளபதி போடுதது?"

கேட்டுவிட்டார். அக்கா மெடலை மேஜையில் குப்புற வைத்தார். மெதுவாகத்தான் சொன்னார். பிள்ளை பெற்ற தாய்மாருக்குக் கொடுத்தது, கழுத்தில் போட்டுக்கொள்வார்கள், இந்தத் தங்கக் கலர் எட்டும் அதற்கு மேலும் பெற்றவளுக்கு, கையெழுத்து எல்லா மெடலிலும் அச்சடித்திருப்பார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"அப்போ எங்கப்பா கையில எப்படி வந்துது?"

"தெரியாது அண்ணாச்சி. ஏதோ ஒரு ஜெர்மன்காரி கழுத்துல கெடந்தது. ஒங்க வீட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

பெரியப்பாவின் வெண்கலக் குரல் உடைந்ததை அன்றைக்குத்தான் கேட்டேன். "பொம்பளை கழுத்துல கெடந்ததப் பறிச்சிட்டு வந்தவன்னு சொல்லுதியா? சங்கிலி அறுக்கற பயலா எங்கப்பன்?"

பெரியப்பா மெடலை எடுக்காமலே படியிறங்கிப் போனார். வீட்டுக்குப் போய்ச் சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். விழா வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்றுவிட்டார். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. சாயங்காலத்துக்குள் ரதவீதி நாலிலும் பேச்சு வந்துவிட்டது. அக்கா மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். ஒரு பொய்யைச் சொன்னால் இந்த வாய்க்கு என்ன குறைந்துவிடும் என்று, அவர் கடைப்பக்கம் திரும்பாமலே ஷட்டரை இழுத்துவிட்டுப் போனேன்.

மறுநாள் காலையில் அக்காவும் வீட்டுக்காரரும் பெரியப்பா வீட்டுக்கு வந்தார்கள். அக்கா கையில் ஒயர் கூடை, அதற்குள் மெஷினும் பெரியப்பா விட்டுப்போன மெடலும். வீட்டுக்காரர் தோளில் எக்ஸ்டென்ஷன் வயர். பெரியப்பா திரும்பியே பார்க்கவில்லை.

"அண்ணாச்சி, நேத்து ஒரு வார்த்தை கூடச் சொல்லிட்டேன். அதைத் திருப்பி எடுத்துக்கிட வந்திருக்கேன்."

"என்னத்த?" சுவரிடமிருந்து பதில் வந்தது.

"ஒங்க வீட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னு சொன்னேன்லா. வெளக்குல வெக்காம வாயத் தொறந்துட்டேன். தப்பு."

பெரியப்பா எழுந்து உட்கார்ந்தார். வீட்டில் இருட்டான இடம் அரங்கு, சாமான் போட்டு வைக்கிற உள் அறை. அங்கே எல்லோரும் நெருக்கியடித்து நின்றோம். வீட்டுக்காரர் ஹாலிலிருந்து வயரை இழுத்துக் கொடுத்தார். கதவைச் சாத்திவிட்டு அக்கா மெஷினைப் போட்டு, நாடாவை உள்ளே விரித்தார்.

நாடா பழைய நூலுக்கே உரியபடி மங்கலாகக் கிடந்தது. ஆனால் நடுப்பகுதி, கழுத்தில் மாட்டினால் பிடரியில் படுகிற இடம், மஞ்சளும் பச்சையும் கலந்து சுடர்விட்டது. வெறும் கண்ணுக்கு அது அழுக்கு. நாங்களும் அழுக்கு என்றுதான் நினைத்திருந்தோம்.

அக்கா ஒரு புது நாடாத் துண்டை அதன் பக்கத்தில் வைத்தார். அதிலும் அதே சுடர். "இதுல நேத்து எங்க வீட்டு மஞ்சளத் தேச்சுக் காயவெச்சேன். ரெண்டும் ஒண்ணுதான். ஜெர்மன்காரி மஞ்சள் தேச்சுக் குளிக்க மாட்டா அண்ணாச்சி. இந்தப் பக்கம் வந்த பெறகு, மஞ்சள் தேச்சுக் குளிக்கிற ஒரு பொம்பளை இதைக் கழுத்துல போட்டிருக்காங்க. ஒருநாள் போட்டா இவ்வளவு ஏறாது. யாருன்னு நாடா சொல்லாது."

பெரியப்பா அந்தச் சுடரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மை" என்றார். "எங்கம்மை. இது அவ பெட்டியிலதான் கெடந்துது. சின்னப்பிள்ளையில... ஆடித்தவசுத் திருவிழாவுக்கு என்னை இடுப்புல வெச்சுக் கூட்டிட்டுப் போவா. முந்தானைக்குள்ள நீலமா ஒரு கயிறு தெரியும். நான் பிடிச்சு இழுப்பேன். விடுலே, ஒங்கப்பா சீமையில இருந்து கொண்டாந்ததுன்னு சிரிப்பா." எண்பது வயது ஆள் அந்த இருட்டில் தேம்பி அழுதார். "எப்படி மறந்தேன்? தளபதி தளபதின்னு சொல்லிச் சொல்லி அம்மைய மறந்துட்டனே."

அக்காவின் வீட்டுக்காரர்தான் பேச்சை மாற்றப் பார்த்தார். "அண்ணாச்சிக்குக் கூடப் பொறந்தவுங்க எத்தனை பேரு? எட்டுன்னா அம்மைக்கும் தங்க மெடல்தான!"

"என்னோட ஏழு பேரு" என்றார் பெரியப்பா, மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"ஏழுன்னா வெள்ளிதான்" என்றார் அக்கா.

அழுகைக்கு நடுவில் பெரியப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு கேட்டார். "தாயி, பறிச்சதா இருந்தா அம்மை அதைக் கழுத்துல போட்டிருப்பாளா? எங்கப்பா பறிச்சிட்டு வரல, அப்படித்தான?"

அக்கா அவர் முகத்தைப் பார்த்தார். அந்த ஒரு தரமாவது ஆமாம் என்று சொல்லிவிட மாட்டாரா என்று எனக்குத் தவிப்பாக இருந்தது.

"தெரியாது அண்ணாச்சி" என்றார்.

பெரியப்பா தலையாட்டினார். கோபப்படவில்லை.

விழா நடந்தது. பேனரில் தளபதியை நீக்கிவிட்டேன். கண்ணாடிச் சட்டத்துக்குள் எதை வைப்பது என்பதில்தான் பேச்சு வந்தது. பிள்ளைகளை எண்ணி மெடல் கொடுத்தவன், பிறகு அந்தப் பிள்ளைகளையே பட்டாளத்துக்கு அள்ளிக்கொண்டு போனான் என்று அக்கா சொன்னார். "அவன் முத்திரையும் கையெழுத்தும் ஒங்கம்மைக்கு வேண்டாம் அண்ணாச்சி." பெரியப்பாவே நாடாவை உருவி எடுத்துச் சட்டத்துக்குள் வைத்தார். சிலுவை பெட்டிக்குள் குப்புறப் போனது.

மண்டபத்தில் கூட்டத்துக்குக் குறைவில்லை. வந்தவர்கள் எல்லோரும் ஊர்ப்பேச்சைக் கேட்டுவிட்டு வந்தவர்கள். ராயகிரியிலிருந்து வந்த சம்பந்தி ஒருவர் சட்டத்துக்கு முன்னால் நின்று, வேண்டுமென்றே உரக்கக் கேட்டார். "என்ன மச்சான், வெறும் நாடாலா இருக்கு. தளபதி மெடல் எங்கன?"

பெரியப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"தளபதி எல்லாம் நான் அளந்தது. மெடல் ஒரு ஜெர்மன்காரியோடது. நாடாதான் எங்கம்மையோடது." வெண்கலக் குரல் திரும்ப வந்திருந்தது. "எங்கப்பா அந்தப் பொம்பளைகிட்டப் பறிக்கல. எங்கம்மைக்காவக் கேட்டு வாங்கிட்டு வந்தாரு."

சொல்லிவிட்டு, கூட்டத்தைத் தாண்டி, கடைசி வரிசையில் வீட்டுக்காரரோடு நின்ற அக்காவைப் பார்த்தார். "என்ன தாயி?"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. அக்கா சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார். எனக்கு அவருடைய மூன்று பதில்களும் மனப்பாடம். எது வந்தாலும் பெரியப்பா தாங்குவாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இருக்கலாம் அண்ணாச்சி" என்றார் அக்கா.

பக்கத்தில் பாயசம் குடித்துக்கொண்டிருந்த அவர் வீட்டுக்காரர், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றார்.